சண்முகத்தாயின் முறுக்குத் தையல்

கிருபாராணிக்கு நாக்கு நீளம். இதை அவள் கணவர் ஞானதுரை சொல்வார், கடைக்கு லைனிங் துணி வாங்க வருகிறவர்கள் சொல்வார்கள், கேட்டால் அவளே சொல்வாள். வாய் பேசிக்கொண்டே இருக்கும், கை தைத்துக்கொண்டே இருக்கும். இரண்டில் எது முதலில் ஓயும் என்று பந்தயம் கட்டுகிறவன் ஏமாளி. அந்த நாக்கு அவளுக்கு எத்தனையோ வாடிக்கைகளைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது. ஒரே ஒரு ஆளைத்தான் தொலைத்தது. அந்த ஒரு ஆளுக்கு ஈடாக மற்ற எல்லோரையும் கொடுத்துவிடத் தயார் என்று இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லி என்ன செய்ய?

போடிநாயக்கனூர் கடைவீதியில் ஞானதுரைக்கு ஒரு நூல் கடை. நூல், பட்டன், கொக்கி, லைனிங், சேலைக்கு ஃபால்ஸ் என்று தையற்காரர்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். அவருடைய அப்பா ஏலக்காய் வியாபாரம் செய்தவர். மகனுக்கோ ஏலக்காய் மூட்டை அவிழ்த்த இடத்தில் நின்றாலே தும்மல் பிடித்துக்கொள்ளும். போடியில் பிறந்துவிட்டு ஏலக்காய்க்குத் தும்முகிறவன் வேறு என்ன செய்ய முடியும்? நூல் விற்க வந்துவிட்டார். கடையின் பின்பாதி கிருபாராணிக்கு. அங்கே ஒரு பெஞ்சு, ஒரு தையல் மிஷின், துணியை இறுக்கிப் பிடிக்கும் மர வளையங்கள், தெருவெளிச்சம் விழுகிற ஒரு ஜன்னல். கல்யாண ஜாக்கெட்டுகளுக்குக் கையால் பூ வேலை செய்து கொடுப்பது அவள் தொழில்.

இன்றைக்குத் திரும்பின பக்கமெல்லாம் ஆரி வேலைக் கடைதான். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் கடகடவென்று ஓட்டி, மணியும் கல்லும் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். கிருபாராணி செய்வது அதுவல்ல. சாதாரண ஊசி, சாதாரண நூல். அவளுக்குத் தெரிந்ததும் ஒரே ஒரு தையல், சங்கிலித் தையல். ஊசியை மேலே எடுத்து, நூலை வளைத்து, புறப்பட்ட துளையிலேயே மறுபடி இறக்கி, வளைவுக்குள் ஏற்றினால் ஒரு கண்ணி. அந்தக் கண்ணிக்குள்ளிருந்து அடுத்தது. கல்யாணத்துக்கு முன்பு கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் படித்தது. மற்ற தையல்களுக்கு வகுப்பு வருவதற்குள் மாப்பிள்ளை வந்துவிட்டார். “ஒத்தத் தையலோட என்னையக் கட்டிக் குடுத்துட்டாங்க” என்று சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் அந்த ஒற்றைத் தையலை அவள் சும்மா விடவில்லை. மிஞ்சிய லைனிங் துண்டுகளில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பாள். துளைகளை அகலமாக வைத்தால் சங்கிலி ஏணியாகிவிடும். ஒரு கண்ணியைத் தனியே நிறுத்தினால் பூவிதழ். கண்ணிகளை வலம் ஒன்று இடம் ஒன்றாக விரித்தால் கருவேலங்கிளை. ஒரு கண்ணி கறுப்பு நூலிலும் அடுத்தது சிவப்பிலும் ஓட்டினால் பார்க்கிறவர்களுக்கு எது எதற்குள்ளிருந்து வந்தது என்றே பிடிபடாது. “ஒரே மாவுல இட்லி, தோச, பணியாரம் எல்லாம் சுட்டுப்புடுற” என்பார் ஞானதுரை. அந்தக் காலத்தில் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். பாதிச் சந்தோஷம் சண்முகத்தாயால் வந்தது என்பதை அப்போது அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

சண்முகத்தாய் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள். குவித்துப் போட்ட காய்க்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெரிய காய் ஒரு பக்கம், பொடிக்காய் ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று பிரிக்கிற வேலை. ஒருநாள் சின்னப் பிள்ளையாயிருந்த மகள் மகாவைக் கையில் பிடித்துக்கொண்டு நூல் வாங்க வந்தாள். பிள்ளையின் பாவாடை வழியில் கிழிந்துவிட்டது, ஒரு ஊசி கொடுத்தால் இங்கேயே தைத்துவிட்டுப் போகிறேன் என்று கேட்டாள். கொடுத்த ஊசியை இடது கையில் பிடித்தாள். அவ்வளவு பொடியான தையல், அவ்வளவு வரிசை. கிருபாராணி பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

“நொட்டாங்கையா தாயி ஒனக்கு?”

“ஆமாக்கா. சோத்துக் கைய மட்டும் எங்காத்தா அடிச்சு அடிச்சு மாத்திப்புடுச்சு. ஊசி அது கண்ணுல படல” என்றாள் சண்முகத்தாய்.

“நாளைக்குச் சோலி முடிஞ்சதும் இங்கிட்டு வா. ஒன்னோட எனக்கு வேல இருக்கு.”

வந்தாள். சில மாதம் கழித்துக் காய் பொறுக்குவதை விட்டுவிட்டு முழுநேரமும் வந்தாள். சண்முகத்தாய் அதிகம் பேசமாட்டாள், அதனால் இருவருக்கும் நன்றாகப் பொருந்திப் போயிற்று. கிருபாராணி ஊர்க்கதை அத்தனையும் சொல்லுவாள். சண்முகத்தாய் தலையைக் குனிந்தபடி, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, சந்தேகப்பட வேண்டிய இடத்தில் “அப்படியாக்கும்” என்பாள். கிருபாராணியைப் போன்றவளுக்கு அது பெரிய பாக்கியம்.

முறுக்குத் தையல் அவர்களுக்குத் தவறிக் கிடைத்தது. ஒரு மழை நாளில் யாரைப் பற்றியோ மும்முரமாகப் பேசிக்கொண்டே தைத்த கிருபாராணி, ஊசியைப் பழைய துளையில் இறக்காமல் ஓர் இழை தள்ளி இறக்கிவிட்டாள். கண்ணி தன்மேலேயே ஒரு தடவை புரண்டு படுத்துக்கொண்டது. சலித்துக்கொண்டு அவிழ்க்கப் போனாள். எதிரே இருந்த சண்முகத்தாய் தடுத்தாள். “அவுக்காதீங்க. அதே மாதிரி இன்னும் நாலு போடுங்க, பாப்போம்.” போட்டாள். புரண்ட கண்ணிகள் சேர்ந்ததும் தட்டையான சங்கிலி, முறுக்கிய கொடிபோல எழும்பி நின்றது. கண்ணிகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

சண்முகத்தாய் தன் வளையத்தில் அதையே போட்டாள். அவளுடையது இடது கை. ஊசி எதிர்ப்பக்கத்திலிருந்து போகிறது, நூலும் எதிர்ப்பக்கமாக வளைகிறது. அதனால் முறுக்கு மறுபக்கம் சாய்ந்தது. இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். சண்முகத்தாய்தான் சொன்னாள்.

“ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாக்குதுக்கா.”

அன்றிலிருந்து ஜாக்கெட்டின் வலக்கைத் துணியில் கொடி போடுவது கிருபாராணி, இடக்கைத் துணியில் சண்முகத்தாய். உடுத்திக்கொண்டு நின்றால் இரண்டு தோளிலிருந்தும் இறங்கும் கொடிகள் கழுத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். ஆரிக் கொக்கியால் சங்கிலி ஓட்டலாம், ஆனால் இப்படிப் புரட்டிப் போட வராது. ஒரே ஆள் இரண்டு பக்கமும் போட்டால் இரண்டும் ஒரே பக்கம்தான் சாயும். தேனியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஆட்கள் தேடி வந்தார்கள். முட்டியும் முட்டியும் உரச எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே நேரத்தில் நூலை இழுத்து, ஒரே நேரத்தில் டீ குடித்து அவர்கள் தைத்தார்கள். மகா பெரியவளாகி, பள்ளிக்கூடம் விட்டு நேரே கடைக்கு வந்து இருவருக்கும் நடுவில் உட்காருவாள். “ஒங் கல்யாணத்துக்கு ஜாக்கெட்டு நானும் ஒங்காத்தாளும் சேந்து தைப்போம். சும்மா இல்ல, கை நெறையக் கொடி ஓடும்” என்று கிருபாராணி வாக்குக் கொடுத்தது அப்படி ஒரு சாயங்காலத்தில்தான்.

அதன்பிறகு சந்திரவல்லி வந்தாள். பெரிய வீட்டுப் பெண். மகள் கல்யாணத்துக்கு முறுக்குத் தையல் ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தாள். வாங்கிப் போக வந்த அன்று காலில் செருப்போடு பின்பாதி வரைக்கும் வந்துவிட்டாள். சண்முகத்தாய் வேறொரு துணியில் தைத்துக்கொண்டிருந்தாள். சந்திரவல்லியின் கண் அந்த ஊசியிலேயே நின்றது.

“இதென்ன கூத்து? நொட்டாங்கையிலயா தக்கிறா? எம் மகளுக்கு உள்ளதையும் இவ இப்பிடித்தான் தச்சாளா? தாலி ஏறுற நேரத்துல போடுறதும்மா இது.”

சொல்லியிருக்கலாம். ஆமாம், இடக்கைத் துணி முழுக்க அவள் தைத்ததுதான், அழகாக இருக்கிறதா இல்லையா பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். கிருபாராணி ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள். நல்ல கை, கெட்ட கை என்று ஒரு எண்ணம் அவளுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஆனாலும் பெரிய வீட்டம்மா முகம் சுளித்ததும் நாக்கு முந்திக்கொண்டது.

“இல்லக்கா. அவ பட்டன் கட்டுறதுக்கும் ஓரம் அடிக்கிறதுக்கும் வச்சிருக்க ஆளு. ஒங்க ஜாக்கெட்டு பூராவும் நானே தச்சது” என்றாள். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். “நல்ல காரியத்துக்கு உள்ளதை இந்தக் கையில குடுப்பேனா?” என்றும் சொன்னாள்.

சண்முகத்தாய் தலை நிமிரவில்லை. கண்ணியை முடித்து, நூலைப் பல்லால் கடித்து, அடுத்த நூலைக் கோத்தாள். சந்திரவல்லி திருப்தியாகப் போனாள். அவள் இரண்டாவது மகளின் கல்யாணத்துக்கு ஆரிக் கடையில் கொடுத்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிருபாராணி யாரைத் தக்கவைக்கப் பொய் சொன்னாளோ அந்த மகராசி அத்தோடு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் கிருபாராணி மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அது பெரிய விஷயமாகிவிடும் என்று நினைத்தாள். மறுநாள் சண்முகத்தாய் வழக்கம்போல் வந்தாள். ஆனால் பெஞ்சைத் திருப்பிப் போட்டு, கடை வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். யாராவது உள்ளே வந்தால் கை தானாக மடிக்குள் போயிற்று. “எதுக்கு தாயி திரும்பி உக்காந்திருக்க?” என்று கிருபாராணி கேட்டதற்கு, “வெளிச்சம் கண்ணக் கூசுதுக்கா” என்றாள். கிருபாராணி அதை நம்பினாள், அல்லது நம்புவது சௌகரியமாக இருந்தது. கொஞ்ச நாளில் சண்முகத்தாயின் புருஷன் பாண்டிக்கு மலையில், மலையாளம் பேசுகிற பூப்பாறைக்குப் பக்கத்து எஸ்டேட்டில் காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போவதாக வந்து சொன்னாள். அதில் கோபம் ஒன்றும் தெரியவில்லை. ஜீப்பில் சாமான் ஏற்றுகிற அன்று கிருபாராணிக்கு ஓர் அவசரத் தையல் இருந்தது. வழியனுப்பப் போகவில்லை.

போய்க் கூப்பிடு என்று ஞானதுரை எத்தனையோ தடவை சொன்னார். “ஏன், நான் போயித்தான் கூப்புடணுமாக்கும். அவளுக்கு வர வழி தெரியாதா?” என்று பிடி கொடுக்காமல் பேசினாள். அப்படியே நாலைந்து வருஷம் ஓடிவிட்டது. முறுக்குத் தையல் கேட்டு வந்தவர்களுக்குச் சாதாரணச் சங்கிலியும் ஏணியும் போட்டுக் கொடுத்தாள். யாரும் குறை சொல்லவில்லை. குறை சொல்லாதது அவளுக்கு என்னவோ செய்தது.

இந்த வருஷம் பங்குனியில் மகா பத்திரிகை கொண்டு வந்தாள். மலையிலிருந்து இறங்கி வந்து சமீபத்தில்தான் போடி ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள், ஆள் அம்மாவைப் போலவே நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். மாப்பிள்ளை சிலமலையில் விவசாயக் குடும்பம்.

“அம்மா ஒங்ககிட்ட நேர்ல குடுத்துட்டு வரச் சொல்லுச்சு பெரிம்மா.”

“ஜாக்கெட்டுக்கு யாருகிட்டக் குடுத்திருக்க?”

மகா தயங்கினாள். “ரெடிமேடுல எடுத்துக்கிறலாம்னு அம்மா சொல்லுது.”

“அவ கெடக்கா. நீ துணியக் கொண்டா. இந்தா, கையத் தூக்கு” என்று கிருபாராணி அங்கேயே அளவு எடுத்துவிட்டாள். மகா போனபின் ரொம்ப நேரம் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஜாக்கெட்டில் இரண்டு கொடியும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். அப்படித் தைத்துக் கொடுத்துவிட்டால், வாயால் கேட்க முடியாததைத் துணியால் கேட்டதாக ஆகிவிடும். சண்முகத்தாய் அதைப் பார்த்துப் பழையபடி அக்கா என்று வந்து உட்காருவாள். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான், அதற்குக் குறைந்து எதுவும் வேண்டாம்.

வலக்கைத் துணியைச் சுலபமாக முடித்தாள். இடக்கைத் துணியில்தான் வந்தது வினை. ஊசியை வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் தள்ளி இறக்கிப் பார்த்தாள். முறுக்கு என்னவோ மாறி விழுந்தது, ஆனால் நூல் குறுக்கே இழுபட்டு ஒவ்வொரு கண்ணியும் சுருங்கிப்போய் நின்றது. துணியைத் தலைகீழாகத் திருப்பி அடியிலிருந்து மேலே தைத்தாள். திருப்பித் தைத்தாலும் திருப்பாமல் தைத்தாலும் சாய்வு அதேதான் என்பது பாதிக்கு மேல் போனபின் புரிந்தது. ஞானதுரை முகம் வழிக்கிற கண்ணாடியை மேஜையில் நிறுத்தி, வலக்கைத் துணியின் பிம்பத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். கண்ணாடிக்குள் இருந்த கொடி அழகாகத்தான் இருந்தது. துணிக்கு அது இறங்கி வரவில்லை.

கடைசியில் வலது கையால் வளையத்தை மட்டும் தாங்கிக்கொண்டு இடது கையில் ஊசியைப் பிடித்தாள். நூல் கோக்கவே பெரும்பாடாயிற்று. ஊசி வழுக்கி அடியிலிருந்த விரலைக் குத்தியது. வலது கை வளையத்தைத் தாங்குவதோடு நில்லாமல் ஒத்தாசைக்கு ஒத்தாசைக்கு வந்தது. அதை அதட்டி உட்கார வைத்தாள். அப்போதுதான், தன் கடையில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவளை நினைத்தாள். யார் காலடிச் சத்தம் கேட்டாலும் மடிக்குள் ஒளிந்த அந்தக் கையை நினைத்தாள். ஞானதுரை காபியோடு உள்ளே வந்தபோது அழுதுகொண்டிருந்தாள்.

“இது எனக்கு வராதுங்க” என்றாள்.

“வராதுன்னு எனக்கு முன்னமே தெரியும். வர்றவ மலையில இருக்கா. ஜீப்பு ஏறிப் போ” என்றார் அவர்.

இடக்கைத் துணியில் போட்டதையெல்லாம் பிரித்து, ஆவி காட்டித் துளைகளை மூடச் செய்து, வளையத்தோடு பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி ஜீப்பு வளைவு வளைவாக ஏறும்போது பேச வேண்டியதைத் தயார் செய்துகொண்டே போனாள். பேச்சுக்கு என்றும் பஞ்சமில்லாதவளுக்கு மலை உச்சியிலிருக்கும் மெட்டு வரைக்கும் ஒரு வாக்கியமும் அமையவில்லை. பூப்பாறையில் இறங்கி எஸ்டேட்டுக்கு வழி கேட்டு நடந்தாள். உலர்த்துகிற ஸ்டோரிலிருந்து ஏலக்காய் வாசனையும் புகையும் சேர்ந்து வந்தன.

எஸ்டேட் ஆட்களின் லயத்து வரிசை வீட்டு வாசலில் சண்முகத்தாய் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். காய் எடுத்து எடுத்து விரல் நுனிகள் கறுத்திருந்தன. கிருபாராணியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அது நடிப்பில்லை. “வாங்கக்கா, வாங்க, இம்புட்டுத் தூரம் ஒத்தையிலயா வந்தீங்க” என்று பையை வாங்கி வைத்தாள். பால் விடாமல் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள். வெங்காயம் நறுக்கியது, டம்ளரைக் கழுவியது, அடுப்பில் விறகைத் தள்ளியது எல்லாமே வலது கையால். இடது கை பிடித்துக்கொள்வதோடு சரி, உடனே சேலைத் தலைப்புக்குள் போய்விடும். முன்பெல்லாம் சோறு உண்பதைத் தவிர மற்ற அத்தனைக்கும் முந்திக்கொண்டு வருகிற கை அது.

கிருபாராணி வளையத்தை எடுத்து நீட்டினாள். “வலக்கை முடிச்சிட்டேன் தாயி. இது ஒன் பங்கு. மகாவுக்கு வாக்குக் குடுத்திருக்கோம்ல.”

சண்முகத்தாய் முடிந்த கொடியை விரலால் தடவிப் பார்த்தாள். “நல்லா வந்திருக்குக்கா. இதையும் நீங்களே போட்டுருங்க.”

“நான் போட்டா ரெண்டும் ஒரே பக்கம்ல சாயும்.”

“சாரமில்ல” என்றாள் சண்முகத்தாய். பரவாயில்லை என்பதை மலையாளத்தில் சொல்லப் பழகிவிட்டிருந்தாள். “யாரு பாக்கப் போறா. சிலமலைக்காரவுக பழமையானவுக. நல்ல நாளும் அதுவுமா எம் பிள்ளைக்கு ஒரு சொல்லு வந்துறக் கூடாது. அந்தக் கை எனக்கு மறந்தும் போச்சுக்கா. இப்ப எல்லாம் இந்தக் கைதேன்.”

கிருபாராணிக்கு வரும் வழியெல்லாம் அமையாத வாக்கியம் இப்போது தாறுமாறாக வந்தது. “தாயி, அன்னைக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. மனசறிய எனக்கு அந்த நெனப்பே கெடையாது. சோத்தாங்கை நொட்டாங்கைன்னு நான் என்னைக்குப் பாத்தேன்? அந்தம்மா கைவிட்டுப் போயிரக் கூடாதேன்னு வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன். சத்தியமா நான் அப்பிடி நெனக்கல.”

சண்முகத்தாய் வெங்காயத் தோலைக் கூட்டி ஒதுக்கினாள். அவள் குரல் உயரவே இல்லை.

“நெனச்சுச் சொல்லியிருந்தா ஆறியிருக்கும்க்கா. ஊருல எல்லாரும் நெனக்கிறதத்தான் நீங்களும் நெனக்கிறீங்கன்னு விட்டுருப்பேன். இத்தன வருசமா அப்பிடித்தான் என்னைய நானே சமாதானம் பண்ணி வச்சிருந்தேன். நெனக்காமயா சொன்னீங்க?”

இத்தனை நாளும் கிருபாராணி அந்த ஒன்றைத்தான் தனக்குச் சாதகமான சாட்சியாக வைத்திருந்தாள். நான் அப்படி நினைக்கவில்லை, சும்மா சொன்னதுதான் என்று. அதுவே இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

வேறு வழி தெரியாமல் வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு இடக்கைத் துணியைத் தானே தைக்க ஆரம்பித்தாள். சண்முகத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுத்தாள். வலது கையால் கோத்தாள். நூல் ஊசிக்காதைத் தப்பித் தப்பிப் போனது. கிருபாராணி பார்க்காதவள்போல் இருந்தாள். தப்பான பக்கம் சாய்ந்த கொடி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பொழுது சாய்வதற்குள் கை முனைக்கு வந்துவிட்டது. கடைசிக் கண்ணிக்கு முன்னால் நிறுத்தினாள்.

“ஒண்ணே ஒண்ணு போடு தாயி. எந்தக் கையாலன்னாலும் சரி. எனக்காகப் போடு.”

சண்முகத்தாய் அவளைப் பார்த்தாள். பிறகு ஊசியை வலது கையில் வாங்கி, மெதுவாக, பிள்ளைகள் எழுத்துப் பழகுவதுபோல நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு கண்ணி போட்டாள். அது கோணிக்கொண்டு ஒதுங்கி நின்றது. “அவுத்துருங்கக்கா, அசிங்கமா இருக்கு” என்றாள். அவிழ்க்க மாட்டேன் என்று கிருபாராணி ஊசியைப் பிடுங்கிக்கொண்டாள். சங்கிலித் தையலில் கடைசிக் கண்ணியின் தலையில் குறுக்கே ஒரு பொடித்தையல் போட்டுப் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு இழுப்பில் மொத்தமும் பிரிந்து வந்துவிடும். அந்தப் பூட்டைக் கிருபாராணி இரண்டு தடவை போட்டாள். இறங்கி வரும்போது மனம் கொஞ்சம் லேசாக இருந்தது. கோணலோ நேரோ, அவள் தையல் ஒன்று இந்த ஜாக்கெட்டில் இருக்கிறது, அது போதும் என்று ஞானதுரையிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். மிஷினில் உடலையும் கைகளையும் சேர்த்துத் தைத்து முடித்தாள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் மகா வந்து அதை மலைக்கு வாங்கிக்கொண்டு போனாள்.

முகூர்த்தத்தன்று விடியலில் மண்டபத்துக்குப் போனபோது பெண்ணின் அறையில் நின்ற சண்முகத்தாய் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “எங்கக்கா தச்சது” என்று அங்கிருந்த சிலமலைப் பெண்களிடம் பெருமையாகச் சொன்னாள். எல்லோரும் அழகு என்றார்கள். இரண்டு கொடியும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பது ஒருவர் கண்ணுக்கும் படவில்லை. மகாவுக்கு முந்தானை குத்திவிடக் கிருபாராணியைக் கூப்பிட்டார்கள்.

குண்டூசியை வாயில் வைத்தபடி நின்றவளின் கண் முதலில் போனது இடக்கை முனைக்குத்தான். கோணல் கண்ணியைத் தேடினாள். காணோம். கொடி ஒரு கண்ணி முன்னாலேயே முடிந்திருந்தது. பிரித்த இடத்தில் துளைகூடத் தெரியாமல் இழை நீவிவிடப்பட்டிருந்தது. அதற்கு மேலே புதிதாக ஒரு பூட்டு, கடுகில் பாதி. கிருபாராணி போடுகிற பூட்டு எப்போதும் வலப்பக்கம் இழுத்திருக்கும். இது இடப்பக்கம் இழுத்து, அசையாமல், அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஊசியில் நூல் கோக்கத் தடுமாறிய கை போட்டதல்ல அது. அப்படிப் பூட்டுப் போடுகிற கை ஒன்றுதான் உண்டு, அதன் எதிரே எத்தனையோ வருஷம் முட்டி உரச உட்கார்ந்திருந்தவளுக்கு அது யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“என்ன பெரிம்மா, சரியா இல்லையா?” என்று மகா கேட்டாள்.

“எல்லாம் சரியா இருக்கு ஆத்தா.”

கதவருகே சண்முகத்தாய் தாம்பாளத்தை வலது கையில் ஏந்தியபடி, “அக்கா, மொதப் பந்தியில உக்காந்துருங்க, நிக்காதீங்க” என்று பரிவோடு சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த இடது கை ஒன்றையும் மறந்திருக்கவில்லை. கிருபாராணியோடு சேர்ந்து தைக்க மட்டும் அதற்கு இஷ்டமில்லை. மறந்து போயிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே கிருபாராணி வாயிலிருந்த குண்டூசியை எடுத்து மகாவின் தோளில் முந்தானையைச் சேர்த்துக் குத்தினாள்.